நியூயார்க் கோர்ட் இணைப்புத் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோர்ட்டிலிருந்து வரும் காகிதங்களைப் படித்துச் சொல்வதும், தேவைப்பட்டால் கூடவே போய் உட்கார்ந்திருப்பதும் பல வருடமாக நான் செய்துவரும் வேலை. நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்டுகளை ஒன்றாக இணைக்கும் திட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கொடுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் சொந்தக் கேஸுக்கு வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்னு போட்டு என் தம்பிக்கு நோட்டீஸ் வந்திருக்கு. எடுத்த எடுப்பிலேயே கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிடுச்சா?

பயப்பட வேண்டாம். நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது பெரிய வழக்குகள் தொடங்குகிற இடம். நம் ஊர்க் கணக்கில் மாவட்ட நீதிமன்றம் மாதிரி. 1691-இல், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அதற்கு மேலே, மேல்முறையீடுகளைக் கேட்கும் அப்பலேட் டிவிஷன் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் உச்சியில், ஆல்பனி நகரில், 7 நீதிபதிகள் கொண்ட கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் இருக்கிறது.

பயம் வேண்டாமே தவிர, அலட்சியமும் கூடாது. சம்மனை நேரில் கையில் கொடுத்திருந்தால் பொதுவாக 20 நாளுக்குள் பதில் போட வேண்டும். வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தால் 30 நாள். பெயரைப் பார்த்து மிரண்டு, காகிதத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டு இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணைப்பு இணைப்புங்கறாங்களே, எதை எதோட இணைக்கிறாங்க? மொத்தம் எத்தனை கோர்ட் இங்க?

கட்டடங்களை எண்ணினால் கணக்கு நீளும். வகைகளை எண்ணினால் 11. சுப்ரீம் கோர்ட், கவுண்டி கோர்ட், ஃபேமிலி கோர்ட், உயில் மற்றும் இறந்தவர் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் சரோகேட் கோர்ட், மாநில அரசுமேல் நஷ்டஈடு கேட்கும் கோர்ட் ஆஃப் க்ளெய்ம்ஸ், நியூயார்க் நகரத்துக்கு மட்டுமான சிவில் கோர்ட், அதேபோல் நகரத்துக்கு மட்டுமான கிரிமினல் கோர்ட், லாங் ஐலண்டில் டிஸ்ட்ரிக்ட் கோர்ட், மற்ற ஊர்களில் சிட்டி கோர்ட், அப்புறம் டவுன் கோர்ட், வில்லேஜ் கோர்ட்.

இவை எல்லாமே வழக்கு முதலில் விசாரிக்கப்படும் கோர்ட்டுகள்தான், மேல்முறையீடு தனி. ஒவ்வொன்றுக்கும் எல்லை, நீதிபதி நியமன முறை, வரிசை எண் எல்லாமே வேறு வேறு. இவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டு மூன்றாகச் சுருக்குவதுதான் திட்டம்.

ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு வேலை இருக்கறது நல்லதுதானே? அதுல என்ன கெட்டுப்போச்சு?

ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. கணவன் அடித்துவிட்டான். போலீஸ் வந்து கைது செய்கிறது. அந்த வழக்கு க்யூ கார்டன்ஸில் குவீன்ஸ் புலவாரில் இருக்கும் கிரிமினல் கோர்ட்டுக்குப் போகிறது. மனைவி தனக்குப் பாதுகாப்பு உத்தரவும், பிள்ளைகளின் கஸ்டடியும், செலவுக்குப் பணமும் கேட்க வேண்டும். அதற்கு ஜமைக்கா அவென்யூவில் இருக்கும் ஃபேமிலி கோர்ட். விவாகரத்து வேண்டுமா? ஃபேமிலி கோர்ட்டுக்கு அந்த அதிகாரமே கிடையாது. சட்பின் புலவாரில் இருக்கும் சுப்ரீம் கோர்ட்டில் தனியாக மனு போட வேண்டும். வீட்டையும் சேமிப்பையும் பிரிப்பதும் அங்கேதான்.

ஆக ஒரே குடும்பச் சண்டைக்கு மூன்று கட்டடம், மூன்று நீதிபதி. வழக்கு எண்ணும் வேறு வேறு: ஃபேமிலி கோர்ட்டில் டாக்கெட் நம்பர், சுப்ரீம் கோர்ட்டில் இண்டெக்ஸ் நம்பர். ஒரு நீதிபதியிடம் அழுதுகொண்டே சொன்னதை அடுத்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் வேலைக்கு லீவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கும் பெண்ணுக்கு அந்த லீவு என்றால் அன்றைய கூலி போச்சு.

குழப்பம் உத்தரவிலேயே வரும். கிரிமினல் கோர்ட் "மனைவி, பிள்ளைகள் பக்கம் போகக்கூடாது" என்று போட்டிருக்கும். ஃபேமிலி கோர்ட் "சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்க்கலாம்" என்று போட்டிருக்கும். முதல் உத்தரவில் "ஃபேமிலி கோர்ட் உத்தரவுக்கு உட்பட்டு" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் பிரச்சினை இல்லை. அந்த வரி விட்டுப்போனால் சனிக்கிழமை வாசலில் யாருக்கும் எது சரி என்று தெரியாது, வந்து நிற்கும் போலீஸ்காரர் உட்பட. நான் இந்த இணைப்பை ஆதரிப்பதற்கு முதல் காரணம் இந்த ஒரு வரிதான். ஒரு தாயின் நிம்மதி அதை நம்பி இருக்கக்கூடாது.

எங்க ஊர் குடும்பநல கோர்ட்ல டைவர்ஸ், குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் ஒரே இடம். இவ்வளவு பெரிய நாட்டுல ஏன் இப்படி?

இந்தியாவில் 1984-இல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டம் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்தது. நியூயார்க்கில் கதை வேறு. ஒவ்வொரு காலத்திலும் ஒரு தேவைக்கு ஒரு கோர்ட்டை ஒட்டிக்கொண்டே வந்தார்கள். 1961-இல் மக்கள் வாக்களித்து, 1962 செப்டம்பர் 1 முதல் ஒரு பெரிய சீரமைப்பு நடந்தது. இன்றைய ஃபேமிலி கோர்ட் அப்போது பிறந்ததுதான். ஆனால் விவாகரத்து அதிகாரத்தைச் சுப்ரீம் கோர்ட்டிலேயே விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பாதி வழி வந்து நின்ற வண்டி அறுபது வருடத்துக்கு மேலாக அங்கேயே நிற்கிறது.

இந்த அமைப்பு முழுவதும் மாநில அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் சின்ன மாற்றம்கூடக் கடினம். எவ்வளவு கடினம் என்பதைக் கீழே மசோதா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

2019-ல தலைமை நீதிபதி ஒரு திட்டம் கொண்டுவந்தாங்களாமே, அதுல என்ன இருந்துச்சு?

அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஜேனட் டிஃபியோரே அதை வெளியிட்டார். கவுண்டி கோர்ட், ஃபேமிலி கோர்ட், சரோகேட் கோர்ட், கோர்ட் ஆஃப் க்ளெய்ம்ஸ் நான்கையும் சுப்ரீம் கோர்ட்டுக்குள் கொண்டுவருவது முதல் பகுதி. அந்தச் சுப்ரீம் கோர்ட்டுக்குள் குடும்பம், உயில், குற்றம், வணிகம், மாநில அரசுமேல் வரும் கோரிக்கைகள், பொது என்று ஆறு பிரிவுகள் இருக்கும். நகரத்தின் சிவில், கிரிமினல் கோர்ட்டுகளையும் லாங் ஐலண்ட் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகளையும் மற்ற ஊர்களின் சிட்டி கோர்ட்டுகளையும் சேர்த்து முனிசிபல் கோர்ட் என்று ஒன்று அமைப்பது இரண்டாவது பகுதி.

இது புது யோசனை இல்லை. ஜூடித் கே தலைமை நீதிபதியாக இருந்தபோது 1997-இலேயே இதுபோல ஒன்றை முன்வைத்தார். அவர் அமைத்த, கேரி டன் தலைமையிலான ஆணையம் 2007-இல் அறிக்கை கொடுத்தது. கோர்ட்டுகளை இணைத்தால் வழக்காடுபவர்களுக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் அரசுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் மிச்சமாகும் என்று அது கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு கோர்ட்டுக்கு வந்துபோகிற மக்களின் நேரமும் கூலியும்தான்.

ஹவுசிங் கோர்ட்?

வாடகை, காலி செய்தல் வழக்குகளைப் பார்க்கும் ஹவுசிங் கோர்ட் தனிக் கோர்ட் இல்லை, நகர சிவில் கோர்ட்டின் ஒரு பகுதி. சிவில் கோர்ட் எங்கே போகிறதோ அங்கே இதுவும் போகும், அதாவது முனிசிபல் கோர்ட்டுக்கு.

நயாகரா போற வழியில ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினோம். ஒரு கிராமத்து கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கு. இதுவும் மாறிடுமா?

மாறாது. டவுன், வில்லேஜ் கோர்ட்டுகளைத் திட்டம் தொடவே இல்லை. மாநிலம் முழுக்க இவை ஏறக்குறைய 1,200 இருக்கின்றன. பல இடங்களில் வாரத்தில் ஏதோ ஒரு மாலை மட்டும், டவுன் ஹாலில் ஒரு அறையில் நடக்கும். இங்கே நீதிபதியாக இருப்பவர் வக்கீலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரும்பாலானவர்கள் வக்கீல் படிப்பு படிக்காதவர்கள், ஒரு பயிற்சி மட்டும் பெற்றிருப்பார்கள்.

இதை விட்டுவைத்தது சரியா என்றால், எனக்கு ஒப்பவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் இந்தக் கோர்ட்டுகளுக்கும் உண்டு. ஆனால் கிராமப்புறச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இவை கௌரவப் பிரச்சினை. இவற்றில் கை வைத்தால் மொத்தத் திட்டமும் கவிழும் என்பது டிஃபியோரேக்குத் தெரிந்திருக்கும்.

சட்டமன்றத்துல ஒரு மசோதா போட்டு பாஸ் பண்ணி, கவர்னர் கையெழுத்து போட்டா முடிஞ்சுதே?

சாதாரணச் சட்டம் என்றால் அப்படித்தான். இது அரசியல் சாசனத் திருத்தம். முதலில் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும், அதாவது 63 பேர் கொண்ட செனட்டிலும் 150 பேர் கொண்ட அசெம்பிளியிலும், நிறைவேற வேண்டும். அப்புறம் ஒரு பொதுத்தேர்தல் வர வேண்டும். புதிதாக வந்த சட்டமன்றத்திலும் அதே வாசகம், ஒரு வார்த்தை மாறாமல், மறுபடி நிறைவேற வேண்டும். அதன்பிறகு தேர்தல் நாளில் மக்கள் வாக்குச்சீட்டில் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த வழியில் கவர்னரின் கையெழுத்துக்கு இடமே இல்லை.

எவ்வளவு சின்ன விஷயம் இதில் மாட்டும் என்பதற்கு ஓர் உதாரணம். நகர சிவில் கோர்ட்டில் 25,000 டாலர் வரைக்குமான வழக்குகளைத்தான் போட முடியும் என்று இருந்தது. அதை 50,000 ஆக்குவதற்கு 2021 நவம்பரில் மாநிலம் முழுவதும் மக்கள் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. வரம்பு சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்ததுதான் காரணம். அது நிறைவேறியது, 2022 முதல் நடப்பில் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. 20 வருடத்துக்கு ஒரு முறை, சாசனத்தையே மறுபடி எழுத ஒரு மாநாடு கூட்டலாமா என்று மக்களிடம் கேட்பார்கள். 1997-இலும் 2017-இலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்து கேட்பது 2037-இல்.

சரி, அந்தத் திட்டம் இப்ப எந்த நிலைமையில இருக்கு?

2019 நவம்பரில் சட்டமன்றக் குழுக்கள் கூட்டாக அமர்ந்து பலரிடம் கருத்துக் கேட்டன. 2020-இல் முதல் முறை நிறைவேற்றி, 2021-இல் மறுமுறை நிறைவேற்றி, அந்த நவம்பரிலேயே மக்கள் முன் வைப்பது என்பது கணக்கு. 2020 மார்ச்சில் கொரோனா வந்து கோர்ட் கதவுகளையே மூடிவிட்டது. டிஃபியோரே 2022 ஆகஸ்டில் பதவியை விட்டுப் போனார். அவருடைய திட்டம் முதல் படியைக்கூடத் தாண்டவில்லை.

அதனால் "கோர்ட் எல்லாம் ஒண்ணாயிடுச்சாமே" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஃபேமிலி கோர்ட்டில் விவாகரத்து மனுவோடு போய் நிற்காதீர்கள். இன்றைக்கும் மேலே சொன்ன 11 வகைதான்.

எல்லாரும் நல்லதுன்னு சொல்றாங்க. அப்புறம் யாருதான் தடுக்கறாங்க?

வக்கீல் சங்கங்கள், குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு உதவும் அமைப்புகள், வணிக அமைப்புகள் எல்லாம் ஆதரவு. எதிர்ப்பு பெரும்பாலும் கோர்ட்டுக்குள் இருந்தே வருகிறது. சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் 14 வருடப் பதவிக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். வேறு கோர்ட்டுகளில் நியமனத்தில் வந்தவர்கள் ஒரே நாளில் தங்களுக்குச் சமமாவதை அவர்களில் பலர் ஏற்கவில்லை. சரோகேட் கோர்ட் நீதிபதிகளின் வாதம் வேறு: உயில் விவகாரம் தனிப் பயிற்சி வேண்டிய துறை, பெரிய கோர்ட்டுக்குள் கரைத்தால் அந்தத் தேர்ச்சி போய்விடும் என்கிறார்கள்.

இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் திட்டத்திலேயே உயிலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சொல்லாமல் விடப்படும் இன்னொன்றும் உண்டு. சரோகேட் நீதிபதி ஒரு சொத்துக்குக் காப்பாளராக, நிர்வாகியாக வக்கீல்களை நியமிக்கலாம். அந்த நியமனங்கள் அரசியல் கட்சி ஆட்களுக்குப் போகும் என்ற குறை பல தலைமுறையாக உள்ளது. அதிகாரம் கைவிட்டுப் போவதை எந்தக் கட்சியும் விரும்பாது.

50,000 பேருக்கு ஒரு நீதிபதின்னு ஏதோ வரம்பு இருக்காமே?

ஆமாம். ஒவ்வொரு நீதித்துறை மாவட்டத்திலும் மக்கள்தொகையில் 50,000 பேருக்கு ஒரு சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு மேல் கூடாது என்று சாசனம் சொல்கிறது. ஊரில் எத்தனை வழக்கு வருகிறது என்ற கேள்வியே அதில் இல்லை. மன்ஹாட்டனில் குடியிருப்பவர்கள் கொஞ்சம், ஆனால் உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் வழக்குப் போடுகின்றன. வரம்பு குடியிருப்பவர்களைத்தான் எண்ணும்.

இதைச் சமாளிக்க, சிவில், கிரிமினல், ஃபேமிலி கோர்ட் நீதிபதிகளைத் தற்காலிகமாகச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். இவர்களுக்கு ஆக்டிங் ஜஸ்டிஸ் என்று பெயர். மேலே ஓர் ஓட்டையை அடைக்கக் கீழே ஓர் ஓட்டை. ஃபேமிலி கோர்ட்டில் தேதி தள்ளித் தள்ளிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். டிஃபியோரே திட்டம் இந்த வரம்பை எடுத்துவிடச் சொன்னது. இணைப்பு இல்லாவிட்டாலும் இதை மட்டுமாவது நீக்குங்கள் என்று தனியாகவும் கோரிக்கை இருக்கிறது. எதை முதலில் செய்வது என்று என்னைக் கேட்டால், இதைத்தான். நீதிபதிகள் எண்ணிக்கை கூடாமல் பலகையை மட்டும் மாற்றினால், பழைய கூட்டம் புதுப் பெயரில் காத்துக்கிடக்கும்.

நீதிபதிகளை ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறாங்களே, அது நின்னுடுமா?

நிற்காது. இப்போது தேர்தலில் வருகிற பதவி தேர்தலாகவே இருக்கும், நியமனத்தில் வருவது நியமனமாகவே இருக்கும் என்றுதான் திட்டம் சொன்னது. நகரத்தில் ஃபேமிலி கோர்ட், கிரிமினல் கோர்ட் நீதிபதிகளை மேயர் நியமிக்கிறார். நகரத்துக்கு வெளியே ஃபேமிலி கோர்ட் நீதிபதிகள் தேர்தலில் வருகிறார்கள். கோர்ட் ஆஃப் க்ளெய்ம்ஸ் நீதிபதிகளைக் கவர்னர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும்.

சுப்ரீம் கோர்ட் தேர்தலில் நமக்குச் சொல்லப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. வேட்பாளரை முடிவு செய்வது கட்சியின் மாநாடு. அதற்கான பிரதிநிதிகளைத்தான் கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு கட்சி பலமாக உள்ள பகுதியில் மாநாட்டில் பெயர் வந்தாலே ஜெயித்த மாதிரி. இந்த முறை சரியில்லை என்று தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. இது அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று 2008-இல் தீர்ப்பு வந்தது. இணைப்பு இதைச் சரிசெய்யாது. அது தனிப் போராட்டம்.

அம்மாவுக்கு ஸ்டேட் ஆஸ்பத்திரியில தப்பா ஆபரேஷன் பண்ணிட்டாங்க. வெளி டாக்டர் மேலயும் தப்பு இருக்கு. ரெண்டு கேஸ் போடணும்னு வக்கீல் சொல்றார். ஏமாத்தறாரா?

ஏமாற்றவில்லை. மாநில அரசின்மேல் நஷ்டஈடு கேட்க கோர்ட் ஆஃப் க்ளெய்ம்ஸ் மட்டும்தான் வழி. அங்கே ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, கிடையாது; நீதிபதி மட்டுமே தீர்ப்புச் சொல்வார். தனியார் டாக்டர்மேல் சுப்ரீம் கோர்ட்டில், ஜூரி முன்னால். ஒரே ஆபரேஷன், அதே சாட்சிகள், அதே நிபுணர்கள், இரண்டு முறை. ஒரு கோர்ட் "டாக்டர் தப்பு" என்றும் இன்னொன்று "ஆஸ்பத்திரி தப்பு" என்றும் சொல்லி, இரண்டு பக்கமும் கைவிரிக்கவும் வாய்ப்புண்டு.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது கெடு. அரசுமேல் கோரிக்கை என்றால் பொதுவாக 90 நாளுக்குள் மனுவோ, மனுப் போடப்போவதாக முன்னறிவிப்போ கொடுத்தாக வேண்டும். உடம்பு தேறட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும்.

என் டைவர்ஸ் கேஸ் ஓடிட்டிருக்கு. நடுவுல இணைப்பு வந்தா மறுபடி முதல்லேருந்தா?

இல்லை. 1962 சீரமைப்பில் பல பழைய கோர்ட்டுகள் கலைக்கப்பட்டன. நகரத்தின் பழைய சிட்டி கோர்ட்டும் முனிசிபல் கோர்ட்டும் சேர்ந்து சிவில் கோர்ட் ஆயின. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளும் ஸ்பெஷல் செஷன்ஸும் சேர்ந்து கிரிமினல் கோர்ட் ஆயின. நடந்துகொண்டிருந்த வழக்குகள் இருந்த நிலையிலேயே புதுக் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன. எந்த இணைப்பிலும் அப்படித்தான் செய்வார்கள். விவாகரத்து ஏற்கெனவே சுப்ரீம் கோர்ட்டில் இருப்பதால் உங்களுக்கு இடமாற்றம்கூட இருக்காது.

சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் எல்லா அதிகாரமும் இருக்குன்னு வக்கீல் சொல்றார். அப்ப இணைப்பு இல்லாமயே இப்பவே எல்லாத்தையும் அங்க சேர்க்கலாமே?

கூர்மையான கேள்வி. உங்கள் வக்கீல் சொன்னது உண்மை. விவாகரத்து வழக்கு போட்ட பிறகு, ஃபேமிலி கோர்ட்டில் நடக்கும் கஸ்டடி மனுவையும் சுப்ரீம் கோர்ட் நீதிபதியிடமே சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம். 2001-இலிருந்து குடும்ப வன்முறைக்கான ஒருங்கிணைந்த கோர்ட்டுகளும் பல இடங்களில் நடக்கின்றன. கிரிமினல், ஃபேமிலி, விவாகரத்து மூன்றையும் சுப்ரீம் கோர்ட்டின் ஒரே நீதிபதி கேட்பார். "ஒரு குடும்பம், ஒரு நீதிபதி" என்பது அதன் அடிப்படை. மேலே சொன்ன அந்த ஒரு வரிக் குழப்பம் அங்கே வராது.

ஆனால் அதற்குள் போகப் பொதுவாக ஒரு கிரிமினல் வழக்கும் ஒரு குடும்ப வழக்கும் சேர்ந்து இருக்க வேண்டும். போலீஸுக்கே போகாத பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்காது. சாதாரணமாக வழக்குகளைச் சேர்ப்பதற்கும் வக்கீல் வேண்டும், மனு வேண்டும், நீதிபதி சம்மதிக்க வேண்டும். வசதி உள்ளவருக்கு இன்றைக்கே இணைப்பு கிடைக்கிறது. கேட்கத் தெரியாதவருக்கும் அது தானாகக் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் சாசனத் திருத்தம். கோர்ட் ஆஃப் க்ளெய்ம்ஸ் வழக்கை இந்த வழியில்கூடச் சேர்க்க முடியாது.

ஃபேமிலி கோர்ட்ல இப்ப ஃபீஸ் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டோட சேர்த்தா பணம் கேப்பாங்களா?

இந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்டபோது, நிறையக் கூட்டங்களில் பெரியவர்கள் கேட்காததை இவர் கேட்டுவிட்டார் என்று தோன்றியது. ஃபேமிலி கோர்ட்டில் மனுப் போடக் கட்டணம் இல்லை. சுப்ரீம் கோர்ட்டில் இண்டெக்ஸ் நம்பருக்கு மட்டும் 210 டாலர், நீதிபதியை ஒதுக்கக் கேட்க 95 டாலர், இப்படிப் போகும். வசதியில்லாதவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம் என்றாலும், அதற்கும் ஒரு மனு, ஒரு காத்திருப்பு.

கட்டணத்தை முடிவு செய்வது சட்டமன்றம் போடும் சாதாரணச் சட்டம். ஆகவே திருத்தத்தோடு வரும் துணைச் சட்டத்தில், குடும்பப் பிரிவில் பாதுகாப்பு உத்தரவும் கஸ்டடியும் பிள்ளைச் செலவும் கேட்கும் மனுக்களுக்கு என்றைக்கும் கட்டணம் இல்லை என்று கறுப்பு வெள்ளையில் எழுத வேண்டும். இலவச வக்கீல் உரிமையும் அப்படித்தான். ஃபேமிலி கோர்ட்டில் கஸ்டடி, பாதுகாப்பு உத்தரவு போன்றவற்றில் வசதியில்லாதவர்களுக்கு அரசு வக்கீல் தருகிறது. விவாகரத்துக்கும் சொத்துப் பிரிவினைக்கும் அந்த உரிமை இல்லை. இணைக்கும்போது இருப்பது குறைந்துவிடக்கூடாது.

தமிழ்ல பேச ஆள் கிடைப்பாங்களா?

இதற்கு இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்தக் கோர்ட்டிலும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். முதல் தேதிக்கு முன்பே கிளார்க்கிடம் "தமிழ்" என்று சொல்லி வையுங்கள். அன்றைக்குக் காலையில் கேட்டால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். அப்பா அம்மா சண்டையைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்க வேண்டாம்.

நாங்க எடிசன்ல இருக்கோம். நியூ ஜெர்சியிலயும் இதே கதையா?

இல்லை. நியூ ஜெர்சி 1947-இல் புதுச் சாசனம் எழுதியபோதே இதைப் பெரும்பாலும் முடித்துவிட்டது. அங்கே வழக்கு தொடங்குவது சுப்பீரியர் கோர்ட்டில், உச்சியில் இருப்பது சுப்ரீம் கோர்ட். விவாகரத்தும் கஸ்டடியும் வன்முறைத் தடை உத்தரவும் சுப்பீரியர் கோர்ட்டின் குடும்பப் பிரிவிலேயே. டிராஃபிக் போன்றவற்றுக்கு முனிசிபல் கோர்ட்டுகள் தனியாக உண்டு.

கலிஃபோர்னியாவும் செய்து காட்டியிருக்கிறது. 1998 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள், 2001-க்குள் 58 கவுண்டிகளும் ஒரே சுப்பீரியர் கோர்ட்டுக்கு மாறிவிட்டன. நியூயார்க்கைவிடப் பெரிய மாநிலம் அது. "இவ்வளவு பெரிய இடத்தில் முடியாது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அப்பீல் போனாலும் வருஷக்கணக்காகுது. அதுக்கு இந்தத் திட்டத்துல ஏதாவது உண்டா?

உண்டு, கொஞ்சம். அப்பலேட் டிவிஷன் நான்கு பகுதிகளாக இருக்கிறது. நான்கு என்று வகுத்தது 1894 சாசனம். இரண்டாம் பகுதியில் குவீன்ஸ், புரூக்ளின், ஸ்டேட்டன் ஐலண்ட், லாங் ஐலண்ட், வடக்கே வெஸ்ட்செஸ்டர் முதலான கவுண்டிகள் வருகின்றன. மாநிலத்தின் ஏறக்குறைய பாதி ஜனம் அந்த ஒரு பகுதிக்குள். நம் ஆட்கள் பெரும்பாலும் இருப்பதும் அங்கேதான். டன் ஆணையம் ஐந்தாவது பகுதி வேண்டும் என்றது. 2019 திட்டம், பத்து வருடத்துக்கு ஒரு முறை சட்டமன்றமே எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளட்டும் என்றது.

நான் கிரீன் கார்டு, ஓட்டு கிடையாது. எனக்கு இதுல என்ன வேலை?

கோர்ட்டுக்குப் போவதற்குக் குடியுரிமை கேட்பதில்லை, சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதற்கும் கேட்பதில்லை. உங்கள் தொகுதியின் அசெம்பிளி உறுப்பினர் அலுவலகம் பெரும்பாலும் பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருக்கும். "இணைப்பை ஆதரியுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் குறித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். எத்தனை கட்டடம் ஏறினீர்கள், எத்தனை நாள் கூலி போனது, எந்த இரண்டு உத்தரவு ஒன்றோடொன்று மோதியது என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். சட்டமன்றக் குழு மறுபடி கருத்துக் கேட்கும் நாளில் எழுத்து மூலமான சாட்சியத்தை யார் வேண்டுமானாலும் தரலாம். ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டுமானால் என்னைப் போல உதவுகிறவர்கள் எந்தத் தமிழ்ச் சங்கத்திலும் கிடைப்பார்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் மட்டும், எதையும் எழுதுவதற்கு முன் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.